சாகப்போகிறவள் என்று சொன்னார்கள்

எனக்கு மாரடைப்பு வந்த அன்று நெஞ்சு வலிக்கவில்லை. தாடைதான் வலித்தது. மத்தியானம் எங்கள் கடையில் நின்று ஒரு கல்யாண வீட்டுக்குக் காராச்சேவு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இடது தாடையில் ஆரம்பித்த வலி காதுக்குப் பின்னால் ஏறி, அங்கிருந்து இறங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ முழங்கையை முதுகில் ஊன்றி அழுத்துவதுபோல இருந்தது. கூடவே வேர்வை. பங்குனி மாதத்துப் பாளையம்பட்டியில் வேர்க்காதவர்கள் யார்? ஆனால் அது சில்லென்ற வேர்வை. அடுப்புச் சூட்டில் நின்று பழகிய எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

எங்கள் கடை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது. முன்னால் கண்ணாடிப் பெட்டிகள், பின்னால் அடுப்பு. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் மழை தொடர்ந்து ஏமாற்றியபோது, நானும் கணவரும் அருப்புக்கோட்டையை ஒட்டிய இந்த ஊருக்கு வந்து போட்ட கடை. அவர் சரக்குப் போடுவது, காரியாபட்டி வரைக்கும் டீக்கடைகளுக்கு லோடு கொண்டுபோவது என்று வெளி வேலையைப் பார்ப்பார். கடை என் கையில். அடுப்புக்கு ஒரு மாஸ்டர் உண்டு. உப்பு, காரம், பூண்டு எவ்வளவு என்று சொல்வது நான்.

அன்று கணவர் கடையில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாயுவா இருக்கும்" என்று கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கடைக்கார அம்மா ஓம வாட்டர் கொண்டுவந்தார். இரண்டையும் குடித்து இரண்டையும் வாந்தி எடுத்தேன். சேவு வாங்க வந்தவர், "வெறும் வயித்துல நின்னா அப்படித்தான் செய்யும், ரெண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றார். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்.

"இது வாயு இல்ல. வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"செத்த நேரம் படுத்து எந்திரி. சரியாப் போயிரும்."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன். வண்டிய எடுங்க!"

நான் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. நாற்பத்தேழு வருஷம் இந்த உடம்போடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அது பொய் சொல்கிறதா மெய் சொல்கிறதா என்பது தெரியாமலா போகும்? லோடு ஏற்றுகிற குட்டியானை வண்டியின் முன்சீட்டில் என்னை உட்காரவைத்து, அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

நெஞ்சில் வயர்களை ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். அதைக் கையில் வாங்கிய டாக்டர், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண், நடந்து வந்தவள் ஓட ஆரம்பித்தாள். டாக்டர் ஓடி நான் பார்த்ததில்லை. மாத்திரைகளை மென்று முழுங்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. அந்தப் பெண் என் காதருகே குனிந்து, "அம்மா, இது ஹார்ட் அட்டாக். நல்ல வேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. இப்ப மதுரைக்கு அனுப்புறோம்" என்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த என் கணவருடைய முகம் கடலை மாவைப் பூசியதுபோல ஆகிவிட்டது. ஆம்புலன்ஸில் என் காலைப் பிடித்தபடியே வந்தார். காரியாபட்டியில் சந்தைக் கூட்டம் வழிவிடுகிறவரைக்கும் வண்டி ஊர்ந்தது. அப்போது நான் நினைத்தது சாமியையோ சாவையோ இல்லை. பிசைந்து வைத்த மாவு அண்டாவில் கிடக்கிறதே, மாஸ்டர் ஈரத்துணி போட்டு மூடினாரோ என்னவோ என்றுதான் நினைத்தேன். இதை அப்புறம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். சாகிறவளுக்கு மாவு ஞாபகம் வராது.

மதுரையில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை நீக்கி, அந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பி வலையை வைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் இருந்த திரையில் என் இதயத்து ரத்தக்குழாய்கள் இலையில்லாத மரத்தின் கிளைகள்போல அசைந்தன. ஒரு கிளை பாதியில் மொட்டையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த மொட்டைக்கு அப்பால் கறுப்பாக ஏதோ இறங்கி, நுனி வரைக்கும் ஓடியது. காய்ந்து கிடந்த ஓடையில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியே இருந்தது. தாடை வலி எப்போது போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். உடம்பு தேறத் தேற வேலைக்கும் போகலாம். வலி திரும்ப வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை, உடனே ஆஸ்பத்திரி. "பயமும் அழுகையும் வரும். அதுவும் இதுல ஒரு பகுதிதான். கூச்சப்படாம எங்கிட்டச் சொல்லுங்க" என்றார். நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் கேட்டது வேறு ஏதோ போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது முன்னறையில், வாசலைப் பார்த்தாற்போல ஒரு கட்டில் போட்டிருந்தது. என் நாத்தனார் ஊரிலிருந்து பையோடு வந்திருந்தார். என் கணவருக்கு மூத்தவர். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தனியாளாக மிளகாயும் பருத்தியும் போட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. அவர் என்னைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலை பின்னிவிட்டார், மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தார், உப்பில்லாத கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தார். கூடவே பீரோ சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். கடையைப் பற்றி நான் கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு என்னத்துக்கு இனிமே? நீ பேசாமப் படு" என்பார்.

இனிமே. அந்த வார்த்தையைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்தார்கள். கூடவே செத்தவர்களின் கதைகளையும் கொண்டுவந்தார்கள். "எங்க சின்னையா இப்படித்தான். நல்லா எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிச்சாரு. டம்ளரக் கீழ வைக்கல..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொருத்தி என் கையைத் தடவியபடி நாத்தனாரிடம் சொன்னாள்: "எப்படி இருந்த பொம்பள மதினி இவ! கடையில நின்னான்னா சத்தம் பஸ்ஸுக்குள்ள கேக்கும்."

"இன்னும் இருக்கேன்" என்றேன்.

"ஆமாத்தா, ஆமா" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தைரியமாகவே இருந்தேன் என்று சொன்னால் அது பொய். குளியலறைக் கதவைத் தாழ் போட பயந்தேன். ஒரு படி இறங்கினால் உள்ளே போட்ட கம்பி வலை நழுவிவிடுமோ என்று பயந்தேன். ஏப்பம் வந்தால் பயந்தேன். உப்புமாவில் கருவேப்பிலை இல்லை என்று ஒரு காலையில் தேம்பித் தேம்பி அழுதேன். கருவேப்பிலைக்காக யாராவது அழுவார்களா? டாக்டர் சொல்லியிருந்ததால்தான் எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அந்த அழுகையை நிறுத்தியது ஒரு கோபம். ஒரு நாள் காலையில் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து, நாத்தனார் அடுப்படியில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"காரியாபட்டியில ஒரு எடம் இருக்குடா. பருத்தி யாவாரம். பையன் ஒத்தப் பிள்ள. நான் பேசிட்டேன். ஆவணியிலயே முடிச்சிருவோம்."

"அக்கா, பிள்ள படிச்சிக்கிட்டிருக்கா..."

"படிப்பு எங்கயும் போகாது. இவ கண்ணு மூடுறதுக்குள்ள பிள்ள கழுத்துல தாலி ஏறுறத இவ பாக்க வேணாமா? தாயில்லாத பிள்ளைன்னு ஆயிட்டா எவன்டா வருவான்?"

என் கணவர் சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவரும் பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் யார் கயிறு நீட்டினாலும் பிடித்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் விடுதியில் தங்கிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருஷம். அவளுக்கு அந்தப் படிப்பு கிடைத்த அன்று நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கை நிறையச் சேவு அள்ளிக் கொடுத்தேன். அவள் படிப்பை நிறுத்துவதற்கு என் நெஞ்சு ஒரு சாக்காகிவிட்டதே என்று நினைத்ததும் என்னால் படுத்திருக்க முடியவில்லை.

எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றேன். இருவரும் திடுக்கிட்டார்கள்.

"இந்தக் கட்டிலத் தூக்கி உள் ரூம்புல போடுங்க" என்றேன்.

"ஏத்தா, எந்திரிக்காதங்கிறேன்ல!"

"மதினி, டாக்டர் நடக்கச் சொன்னாரு. படுக்கச் சொல்லல."

அன்று கல்யாணத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவள் பேச்சை யாரும் சட்டைசெய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் நான் எழுந்து நடமாட வேண்டும். அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதல் நாள் எங்கள் தெரு முனையில் இருக்கிற கரண்ட் கம்பம் வரைக்கும் போனேன். எனக்குப் பின்னால் நாத்தனார் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூலுமாக வந்தார். நான் நின்றால் ஸ்டூலைப் போடுவார். நான் உட்கார மாட்டேன். அவர் தூக்கிக்கொண்டு தொடருவார். தெருவே வேடிக்கை பார்த்தது. "என்ன மதினி, ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார். நாத்தனார் அவரை முறைத்த முறைப்பில் அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

பிறகு கோயில் வரை. பிறகு வீடுகள் முடிந்து கரிசல் தொடங்குகிற இடம் வரை. சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அதை எல்லோரும் திட்டுவார்கள், நானும்தான் திட்டியிருக்கிறேன். அந்த நாட்களில் மட்டும் அதைப் பார்க்க எனக்குப் பிடித்தது. வெட்டினாலும் துளிர்க்கிற அந்தத் திமிர் எனக்குத் தேவைப்பட்டது. மூச்சு வாங்கினால் நிற்பேன். பேச முடிகிற வேகத்தில்தான் நட என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச ஆள் இல்லாததால் கடைக் கணக்கையும் மாவுப் பக்குவத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு சனிக்கிழமை மகள் வந்தாள். வழக்கமாகத் துணி மூட்டையோடு வருகிறவள் அன்று புத்தகங்களையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவளை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறினேன். அவள் என் முழங்கையை விடவேயில்லை.

"அத்தை போன்ல எல்லாம் சொன்னாக" என்றாள். "எனக்குச் சம்மதம்மா."

"எதுக்குச் சம்மதம்?"

"கல்யாணத்துக்கு. ஒனக்காக."

"பையனப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"பிடிச்சிருக்கா?"

"அம்மா..."

"ஒனக்காக ஒனக்காகன்னு என் தலையில வைக்காத. எனக்காகன்னா போய்ப் படி."

அவள் உடைந்து அழுதாள். "நான் அங்க பரீட்சை எழுதிக்கிட்டிருக்கும்போது ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னம்மா செய்வேன்?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆகாது என்பது எனக்கே தெரியாதே.

"ஆனா ஆகட்டும்" என்றேன். "நீ பரீட்சைய எழுதி முடிச்சிட்டு வா. பேப்பர மட்டும் பாதியில வச்சிட்டு வந்தேன்னு வையி, செத்தாலும் எந்திரிச்சு வந்து திட்டுவேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு, கட்டிக் கொண்டுவந்த புத்தகங்களைத் திரும்பக் கொண்டுபோவது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாள். கணவரைக் கூப்பிட்டேன். "குட்டியானையில ஏத்தி விடுதியில விட்டுட்டு வாங்க" என்றேன். அவர் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபரிசோதனைக்கு மதுரை போகும்போது நாத்தனாரையும் வரச்சொன்னேன். என் வாயால் சொன்னால் நம்ப மாட்டார், டாக்டர் வாயால் கேட்கட்டும் என்று. ஓடுகிற பட்டையின் மேல் என்னை நடக்கவிட்டு, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். கடைக்குப் போகலாம், முதலில் அரை நேரம், அடுப்புப் பக்கம் வேண்டாம் என்றார்.

"டாக்டர், நான் எப்பச் சாவேன்?" என்று கேட்டேன்.

கணவர் பதறினார். டாக்டர் பதறவில்லை. "எனக்கு எப்பன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். "ஆனா ஒங்க இதயம் நல்லா வேலை செய்யுது. மாத்திரை, நடை, சாப்பாடு மூணையும் விடாமப் பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் இருக்கலாம். இத வச்சு எதையும் அவசரப்படுத்த வேண்டியதில்ல."

"பிள்ளைக்கு ஒரு கல்யாணத்த முடிச்சிட்டா இவளுக்கு நிம்மதியா இருக்கும்லய்யா?" என்று நாத்தனார் இடையில் புகுந்தார்.

"கல்யாணத்த மாத்திரைச் சீட்டுல எழுத முடியாதுங்கம்மா" என்று சிரித்தவர், நாத்தனாருடைய சிவந்த முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு பிரஷர் பாத்திருக்கீங்களா?"

"எனக்கென்ன? நான் காட்டுல வேலை செய்றவ."

வம்பு பண்ணிக் கையை நீட்டவைத்தோம். பார்த்தால் எனக்கு இருந்ததைவிட எவ்வளவோ கூடுதல். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாத்தனார் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பி வருகிற வழியெல்லாம், "இவுகளுக்கு யாவாரம் ஆகணும், அதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் அரை நேரம் கடைக்குப் போக ஆரம்பித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தராசைப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்கள் முதலில் பேயைப் பார்த்ததுபோல நின்றார்கள், பிறகு பழைய மாதிரி, "கொசுறு போடு தாயி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கொசுறுக் குரல் கேட்டபோது எனக்கு உயிரே திரும்பி வந்தது. கடையில் கிடக்கிற சேவில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. வாசனை வந்து கூப்பிடும். போடி என்பேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் இருக்கும்போது கணவருடைய போன் அடித்தது. எதிர் முனையில் நாத்தனார். கணவரின் முகம் வெளிறியது.

"பொண்ணு பாக்க வந்துட்டாகளாம். காரியாபட்டிக்காரங்க. வீட்டுல உக்காந்திருக்காக. எங்கிட்டயும் சொல்லல, சத்தியமா."

மகள் ஊரிலேயே இல்லை. தாயைப் பார்த்துத் தாம்பூலத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்று ஏற்பாடு. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நல்ல சேவாக ஒரு பெரிய பொட்டலம் கட்டச் சொன்னேன். கணவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"வேணாம். நடந்து வாரேன்" என்றேன். "நடந்து வந்தேன்னு அவுக பாக்கணும்."

அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு நடந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. மெதுவாகத்தான் போனேன். பேச முடிகிற வேகம்.

முன்னறையில் பாயில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் பழமும் பூவும். மாப்பிள்ளையின் அம்மா, என் வயது இருக்கும், வாட்டசாட்டமான பெண்மணி. வேர்க்க விறுவிறுக்க வாசலில் ஏறிய என்னைப் பார்த்து, வேலைக்காரி என்று நினைத்தாரோ என்னவோ, "சம்பந்தியம்மா எந்த ரூம்புல படுத்திருக்காக?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்களா? நீங்க ரொம்ப முடியாம இருக்கீக, ரொம்ப நாள் தாங்காதுன்னுல்ல சொன்னாக? அதான் அவசரமா ஓடியாந்தோம்."

"சாகப்போறேன்னு சொல்லியிருக்காக. இன்னும் சாகல. இப்பக் கடையில இருந்து நடந்துதான் வாரேன்." பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் முன்னால் வைத்தேன். "எங்க கடைச் சேவு, சாப்பிடுங்க. என் மக வக்கீலுக்குப் படிக்கிறா. முடிக்க வருஷம் இருக்கு. படிச்சு முடிச்சு, அவளே பாத்து, அவளுக்குப் பிடிச்சாத்தான் கல்யாணம். ஒங்க பிள்ளையக் குறை சொல்லல. எனக்காகன்னு ஒரு பிள்ளையக் கட்டிவச்சா, அவ வாழ்க்கை பூரா நான் ஒரு கடனா அவ தலையில இருப்பேன். அது எனக்கு வேணாம்."

நெஞ்சு படபடவென்று அடித்தது. வலி இல்லை. அது சும்மா கோபத்தில் அடிக்கிற அடிதான் என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசிப் பழக்கமில்லாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொன்னதுதான் என் பேச்சும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பொய்யச் சொல்லிப் பொண்ணு எடுக்க நாங்களும் வரல. நீங்க நல்லா இருங்க" என்று எழுந்தார். கோபமில்லாமல்தான் போனார்கள்.

கோபமெல்லாம் நாத்தனாருக்கு. "நாலு பேருக்கு முன்னாடி என்னப் பொய்க்காரி ஆக்கிட்ட" என்று சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவிக் கட்டிலில் எறிந்தார். சாப்பிடாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

ஆடி முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் இல்லாத வீட்டில் நானே கஞ்சி வைத்தேன், நானே மாத்திரை எடுத்தேன். முதலில் அது சுதந்திரமாக இருந்தது. பிறகு அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. ஆவணியில் ஒரு காலையில் திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தனியாக நான் போன முதல் பயணம் அது. நாக்கடி மாத்திரை பர்ஸில் இருந்தது. "நானும் வாரேன்" என்ற கணவரிடம், "கடையத் திறங்க" என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார் புஞ்சைக்காட்டில் இருந்தார். மழைக்கு முந்தின உழவு. டிராக்டர் ஓட, பின்னால் குனிந்து முள்வேரைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "இந்த வெயில்ல யாருத்தா உன்னத் தனியா விட்டது?" என்றுதான்.

"மாத்திர சாப்பிடுறீகளா?"

"இல்ல."

"ஏன்?"

வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் காட்டுலதான் அவுக விழுந்தாக. நெஞ்சப் பிடிச்சாக, வாயுன்னு சொன்னாக, சோடா வாங்க ஆள் போச்சு, வரங்குள்ள முடிஞ்சு போச்சு. என் மக கல்யாணத்துக்கு மணவறையில தகப்பன் எடம் காலியாக் கெடந்துச்சு. அந்த எடத்தப் பாத்துக்கிட்டேதான் பிள்ள தாலி கட்டிக்கிட்டா. ஒன் மகளுக்கு அப்படி ஆகிறக் கூடாதுன்னு நெனச்சேன். அது தப்பா?"

அந்தக் காலி இடத்தைப் பற்றி இத்தனை வருஷமும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். முள் கீறிய, காய்த்துப்போன கை.

"தப்பில்ல மதினி. ஆனா எடம் காலியாகாம இருக்கணும்னா, நீங்களும் நானும் இருக்கப் பாக்கணும். மொதல்ல மாத்திரையப் போடுங்க."

"போடி" என்றார். ஆனால் எழுந்து என்னோடு வந்தார். திருச்சுழியில் இறங்கி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, டீக்கடையில் தண்ணீர் வாங்கி, என் முன்னாலேயே முழுங்க வைத்தேன். வேம்பைத் தின்றதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சை அவர் அதற்குப் பிறகு விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். விடவில்லை. இன்றைக்கும் போன் செய்தால் மூன்றாவது பேச்சு அதுதான். முதல் பேச்சு மாத்திரை, இரண்டாவது மழை.

மகள் படிப்பை முடித்துவிட்டாள். அருப்புக்கோட்டை கோர்ட்டில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஸ்கூட்டரில் போகிறவளைப் பார்த்து, "ஏன்டி, வெந்துபோயிற மாட்டியா?" என்று கேட்கிறேன். கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களை அவளிடமே அனுப்பிவிடுகிறேன். அவள் வாதம் செய்துகொள்வாள்.

போன வருஷம் ஒரு நாள் கடையில் மாரை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல இருந்தது. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், கொஞ்ச நேரம் வைத்திருந்து, இதயத்தில் ஒன்றுமில்லை, போகலாம் என்றார்கள். வீண் செலவு, வீண் அலைச்சல் என்று சொன்னவர்களும் உண்டு. இன்னொரு தடவை அப்படி வந்தாலும் இன்னொரு தடவை போவேன். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்து சாக எனக்கு விருப்பமில்லை.

என் உடம்பு பழையபடி ஆகிவிடவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையால் லேசாக இடித்தாலே தோல் நீலம் பாரிக்கிறது. அடுப்புப் பக்கம் மாஸ்டர் என்னை விடுவதில்லை. போன வாரம்கூட ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கடை வாசலில் நின்று, "இனிமே என்னத்துக்கு ஒனக்கு இந்தப் பாடு? வீட்டுல உக்காந்து நிம்மதியாச் சாப்பிடலாம்ல?" என்றார்.

"நிம்மதியாத்தான் இருக்கேன் சித்தப்பா. அரைக்கிலோ போடவா, ஒரு கிலோவா?" என்று கேட்டேன்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. தீபாவளிக்குக் கடலை மாவு லோடு நாளைக்கு வருகிறது. மூட்டையை நான் தொடப் போவதில்லை. ஆனால் இறக்கும்போது பக்கத்தில் நின்று, எதை எங்கே அடுக்குவது என்று கத்துவதற்கு நான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கரிசல் வரைக்கும் நடந்துவிட்டு வந்துவிடுவேன்.